என் போனில் நான்தான் முதல்

போன வருஷம் கொஞ்ச நாள், காலையில் எழுந்து முகம் கழுவியதும் நான் செய்த முதல் வேலை போனில் என் கையைப் பார்ப்பது. ‘விழுப்புரம் கேப்பை அடை’ என்று எழுத்தெழுத்தாகத் தட்டுவேன். வட்டம் ஒன்று சுற்றும். சுற்றி முடித்ததும் எங்கள் வீட்டு ஜன்னல் வரும். கம்பிக்கு வெளியே பொட்டலத்தை நீட்டுகிற என் வலது கை வரும். பக்கத்தில் ‘ஜன்னல் கடை, விழுப்புரம்’ என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழேதான் ஊரில் உள்ள மற்றக் கடைகள் எல்லாம். பார்த்ததும் வெட்கம் வந்து போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு மறுபடி எடுத்துத் தட்டுவேன். அப்போதும் நான்தான் முதல்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுதப் படிக்க வரும், மனிதர்களோடு பேசத்தான் வராது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வெறும் ரசத்தோடு எழுந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் கடை வைத்ததே ஜன்னல் இருந்த தைரியத்தில்தான். எங்கள் வீடு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரத்தில், ஒரு சந்துக்குள் மூன்றாவது வீடு. சமையலறை ஜன்னல் சந்துப் பக்கம் திறக்கும். சாயங்காலம் நான்கு மணிக்கு அதைத் திறந்து வைத்து, கேப்பை மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடை தட்டுவேன். மல்லாட்டைச் சட்னி, அதாவது வேர்க்கடலைச் சட்னி, ஒரு சின்னக் கவரில். வாங்க வருகிறவர்கள் சந்தில் இருக்கிற ஏழெட்டு வீட்டுக்காரர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள் இரண்டு பேர், பேங்க் வாட்ச்மேன் ஒருத்தர். அவர்கள் எத்தனை என்று சொல்வார்கள், நான் கையை நீட்டுவேன். என் முகத்தை நேராகப் பார்த்தவர்கள் அவர்களில் பாதிப் பேர்தான் இருப்பார்கள்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் லீவுக்கு வந்தபோது ஆரம்பித்தாள்.

“அம்மா, வாசல்ல ஒரு போர்டு வெக்கலாம்.”

“வேணாம்மா. போறவங்க வர்றவங்க எல்லாம் படிப்பாங்க.”

“படிக்கத்தானே போர்டு.”

“வேணாம்.”

“சரி, போன்ல ஏத்திடறேன். அங்க யாரும் ஒன் மூஞ்சிய பாக்கப் போறதில்ல. யாராவது டிபன் எங்கன்னு தேடினா நம்ம கடையும் வரும்.”

முகத்தைப் படம் எடுக்க நான் விடவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொண்டாள். கடைக்குப் பேரும் அவளே வைத்தாள். ஊருக்குப் போகும்போது அவளுடைய பழைய டச் போனை எனக்குக் கொடுத்து, எங்கே தட்ட வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனாள். வாயால் கேட்டாலே போன் பதில் சொல்லும் என்றாள். போனிடம் பேசவும் எனக்குக் கூச்சம். தட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் இரண்டு நாள் எங்கள் கடை எங்கோ கீழே இருந்தது. நான் விடாமல் தேடித்தேடித் திறந்து பார்த்தேன். ஒரு வாரத்தில் மேலே வந்து, அடுத்த வாரம் முதல் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. நம்ப முடியாமல் ‘விழுப்புரம் டிபன்’ என்று தட்டினேன். என் கை. ‘சாயங்காலம் சாப்பிட நல்ல கடை’ என்று தட்டினேன். என் கைதான். தேங்காய் துருவும்போது நினைத்துக்கொள்வேன், இந்நேரம் ஊரில் யார் யார் இந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ என்று. அது பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் விழுப்புரம் திண்டிவனம் பிரைவேட் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். இப்போது முட்டி வலியோடு நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுப்பார். குரல் மட்டும் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை.

“இன்னா, ஒன் கடை எடத்துலயே இருக்குதா?” என்று தினமும் கேட்பார்.

“இருக்குதுங்க. மொதல்ல.”

“அடேங்கப்பா. லட்ச லட்சமா கொட்டி ஏசி போட்டு ஓட்டல் கட்டி வெச்சிருக்கான். அவன எல்லாம் ஒத்தக் கையால கீழ தள்ளிட்டியே.”

காலையில் வருகிற பேப்பரில் முதல் பக்கத்தில் இருக்கிற சேதி எல்லோர் வீட்டிலும் முதல் பக்கத்தில்தான் இருக்கும். போனும் அப்படித்தான் என்று நான் நினைத்தேன், அவரும் அப்படித்தான் நினைத்தார். மகளிடம் கேட்டிருக்கலாம். பெருமை பேசுகிறாள் அம்மா என்று நினைத்துவிடுவாளோ என்று கேட்கவில்லை.

அந்த நினைப்பில்தான் அமாவாசை ஏற்பாடு செய்தேன். அமாவாசை என்றால் எங்கள் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடம் இருக்காது. கடலூர், பண்ருட்டி, புதுச்சேரிப் பக்கத்து ஜனங்கள் எல்லாம் இங்கே வந்து மேல்மலையனூர் அம்மன் கோவிலுக்கு வண்டி மாறுவார்கள். அத்தனை பேர் கையிலும் போன். பசித்தால் தேடுவார்கள். தேடினால் முதல் கடை நான். அன்றைக்கு வெங்காயம் தொடாதவர்கள் நிறைய இருப்பார்கள் என்பதால் வெங்காயத்தை விட்டுவிட்டு, மல்லாட்டையை வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்து மாவில் சேர்த்தேன். மூன்று கட்டு கீரை. அவர் ஆய்ந்து ஆய்ந்து விரல் பச்சையானது. நான்கு மணிக்குள் அறுபது அடை தட்டி வாழையிலையில் மடித்து வைத்தேன். கூட்டம் சந்துக்குள் வந்தால் நிற்க இடம் வேண்டுமே என்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னார் என் வீட்டுக்காரர்.

வந்தவர்கள் அதே ஏழெட்டு வீட்டுக்காரர்கள், அதே நர்சுகள், அதே வாட்ச்மேன். அதிலும் ஒரு நர்சம்மா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இன்னிக்கி வெங்காயம் போடலியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மிச்ச அடையை சந்தில் வீடு வீடாகக் கொடுத்தோம். அதன் பிறகும் மீந்ததை அவர் பையில் போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பழைய டிரைவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். “மல்லாட்டை போட்டது சூப்பராம். கேட்டு வாங்கித் தின்னானுங்க” என்றார். என் காதில் ஏறவில்லை. போனை எடுத்துத் தட்டினேன். இன்னும் முதல் இடத்தில்தான் இருந்தேன்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அத்தனை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்று அடுத்த கடைக்குப் போயிருக்கிறார்கள். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மணிக்கட்டில், பொட்டலம் கட்ட மாட்டி வைத்திருந்த ரப்பர் பேண்டுகள். கட்டை விரல் பக்கம் தோசைக்கல் சுட்ட தழும்பு. நகக்கண்ணில் மாவு. இந்தக் கையால் தட்டியதை யார் தின்பார்கள் என்று தோன்றியது. இனிமேல் ஜன்னலைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். அவரிடம் முட்டி வலிக்கிறது என்றேன். “முட்டி வலி எனக்குல்ல?” என்றார்.

மூடுவதற்கு முன்னால் ஒருத்தியிடம் மட்டும் உண்மையைக் கேட்டுவிட நினைத்தேன். திண்டிவனத்தில் இருக்கும் என் நாத்தனாரிடம். ஜாக்கெட் தைப்பவள். அவள் நாக்குக்கு எங்கள் குடும்பமே பயப்படும். பஸ்ஸில் ஏறியதில் இருந்து எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் மூன்று தடவை மாற்றிவிட்டேன்.

அவள் கழுத்தில் இஞ்சு டேப்போடு மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“வா அண்ணி. இன்னா, சொல்லாம கொள்ளாம. எங்கண்ணன் கூட சண்டையா?”

“இல்ல. ஒன்னு கேக்கணும். மறைக்காம சொல்லணும்.”

“நான் எப்ப மறைச்சேன்? ஒன் கல்யாணத்தன்னிக்கே மூக்குத்தி கோணலா இருக்குதுன்னு சொன்னவ நானு.”

என் வலது கையை நீட்டினேன். “அசிங்கமாவா இருக்குது?”

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியைத் திருப்பிப் பார்ப்பதுபோல் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அஞ்சி வெரலு இருக்குது. எல்லாம் மடங்குது. இன்னா கொறச்சல்?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் கடையானது, அறுபது அடை, யாரும் வராதது. அவள் சிரிக்கவில்லை. தன் போனை எடுத்தாள்.

“எப்படிப் போடுவ? விழுப்புரம் கேப்பை அடை. அவ்ளோதானே?”

போட்டாள். வட்டம் சுற்றியது. அடை செய்வது எப்படி என்று ஒரு அம்மாள் கரண்டியோடு வந்தார். கீழே தள்ளினாள். திண்டிவனத்தில் ஒரு மெஸ். கீழே தள்ளினாள். பாக்கெட்டில் கேப்பை மாவு விற்கிற ஒரு கம்பெனி. அதற்கும் கீழே, சர்க்கரை வியாதிக்காரர்கள் கேப்பை சாப்பிடலாமா.

“ஒன் கடையே இல்லியே அண்ணி.”

“சரியாப் பாரு. மொதல்ல இருக்கும்.”

“மொதல்ல இல்ல. நடுவுலயும் இல்ல.” அவள் கட்டை விரல் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில், விழுப்புரத்தில் ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில், நகத்தளவுக்கு எங்கள் ஜன்னல் தெரிந்தது.

“இதோ கீது. டயருக்குத் தொணையா.”

நான் என் போனை எடுத்து அதே வார்த்தையைத் தட்டினேன். இரண்டு போனையும் மிஷின் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். என்னுடையதில் என் கை. அவளுடையதில் சர்க்கரை வியாதி.

“ஒனக்கு சுகர் இருக்குறது அதுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“தெனம் அதத்தானே கேட்டுக்கினு இருக்கேன். மாம்பழம் தின்னலாமா, பலாப்பழம் தின்னலாமான்னு.” சொன்னவள் இரண்டு போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “அண்ணி, நீ தெனம் எத்தினி தடவ ஒன் கடையத் தேடுவ?”

நான் என் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

“பத்து?”

“பாலு காய்ச்சறதுக்கு முன்ன ரெண்டு” என்றேன்.

அவள் மிஷினில் தலையை வைத்துச் சிரித்தாள். “நான் ஜாக்கெட் டிசைன் தேடிக்கினே இருக்கேன், என் போன்ல எதத் தொட்டாலும் ஜாக்கெட்டு வருது. நீ ஒன் கடையவே பாத்துக்கினு இருக்கற, அது ஒன் கடையவே காட்டுது. ஒன் போனு ஒனக்கு ஜால்ரா போட்டுக்கினு இருந்திருக்குது. நீ அத நம்பி அறுபது அடை தட்டியிருக்கற.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் கேட்டது ஊரில் எது முதல் கடை என்று. அது சொன்னது எனக்கு எதைப் பார்க்கப் பிடிக்கும் என்று. ஒரு வார்த்தை, இது உனக்கு மட்டும்தான் என்று சொல்லியிருந்தால் என்ன? மூன்று கட்டு கீரை மிச்சமாகியிருக்கும். அவர் விரல் பச்சையாகி இருக்காது.

“அப்ப மத்தவங்க போன்ல எல்லாம் நான் எங்க இருக்கேன்?”

“வா, பாத்துடலாம்” என்று அவள் எழுந்தாள். என்னை பஸ் ஏற்ற வந்தவள், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் இருந்த பெண்களிடம் நேராகப் போய் நின்றாள். எனக்கு அவள் முதுகுக்குப் பின்னால் மறையத்தான் தோன்றியது.

“இந்தாம்மா, ஒரு நிமிசம். ஒன் போன்ல விழுப்புரம் டிபன்னு போடேன்.”

“எதுக்குங்க? ஓடிபி எல்லாம் சொல்ல மாட்டேன்” என்றாள் அந்தப் பெண்.

“ஒன் ஓடிபிய வெச்சி நான் இன்னா பண்ணப்போறேன். இவங்க கடை தெரியுதான்னு பாக்கணும். எங்க அண்ணி. கூச்சப்படறாங்க, அதான் நான் கேக்கறேன்.”

அந்தப் பெண் போட்டாள். பிரியாணிக் கடைகளாக வந்தன. “நான் பிரியாணி இல்லாம இருக்க மாட்டேங்க” என்று சிரித்தாள். அடுத்து உட்கார்ந்திருந்த அம்மாள் போனில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற டிபன் கடைகள் வரிசையாக வந்தன. மாமியாரை அங்கே சேர்த்து ஒரு மாதமாக அலைகிறாராம். மூன்றாவது ஆள் ஒரு காலேஜ் டீச்சர். அவர் போனில் வந்தது என்னவோ கேக் கடை. மூன்று பேர், மூன்று விழுப்புரம். ஒன்றில்கூட என் கை இல்லை.

“பாத்தியா? ஒருத்தர் போன்லயும் நீ இல்ல” என்றாள் நாத்தனார். ஆறுதல் சொல்ல வாய் திறந்தவள் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஏனென்றால் நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

யாருமே பார்க்கவில்லை. பண்ருட்டிக்காரர்கள் பார்க்கவில்லை, புதுச்சேரிக்காரர்கள் பார்க்கவில்லை. ரப்பர் பேண்டையும் தழும்பையும் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. என்னை வேண்டாம் என்று சொல்ல, என்னை ஒருத்தருக்கும் தெரியவே தெரியாது. இதைவிட நல்ல சேதி அன்றைக்கு எனக்கு வேறென்ன இருக்கிறது? பெஞ்சில் இருந்த பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அவர்களும் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. என் வயசுப் பெண் ஒருத்தி கொய்யாப்பழக் கூடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலாக வந்து “கொய்யா, கொய்யா, பழம் பாத்து வாங்கு” என்று கத்தினாள். என் ஜன்னலுக்கு வந்ததும் நேராக என் கண்ணைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு உள்ளே, அவள் வெளியே. நான் இரண்டு பழம் வாங்கினேன். விழுப்புரம் வரும்வரை அவள் கத்திய மாதிரி வாய்க்குள்ளேயே ‘அடை, அடை’ என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன என்பதுபோல் திரும்பினார். கொய்யாவைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் நான்கு மணிக்கு ஜன்னலைத் திறந்துவிட்டேன். அடுத்த அமாவாசைக்கு இருபத்தைந்து அடை மட்டும் தட்டினேன். வெங்காயம் இல்லாமல், மல்லாட்டை போட்டு. நர்சம்மாவுக்கு மட்டும் தனியாக வெங்காயம் போட்டு இரண்டு. பிளாஸ்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு வேப்பமரத்து அடியில் நானும் அவரும் போய் நின்றோம். சாயங்கால வெயில். ஜனங்கள் மஞ்சள் புடவையும் பையுமாக எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். நான் கூடையில் இருந்த பொட்டலங்களையே மறுபடி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“நீ நிம்மதியா நில்லு. கூப்புடறது என் வேல. முப்பது வருசம் இத்தத்தானே பண்ணேன்” என்றார் அவர். அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸில் கூவிய பழக்கத்தில், தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். “மேல்மலையனூரு, மேல்மலையனூரு, மேல்மலையனூரு. மேல்மலையனூரு போறவங்கெல்லாம் இப்படி வா.”

வந்தார்கள். எங்கே போகிற ஜனங்களோ அந்தப் பேரைச் சொன்னால் வராமல் இருப்பார்களா? பையும் மூட்டையும் குழந்தையுமாக இருபது பேருக்கு மேல் எங்களைச் சுற்றி நின்றார்கள்.

“வண்டி எங்கங்க?”

“உக்கார சீட்டு கெடைக்குமா?”

“ஜல்தியா எடுப்பீங்களா, இல்ல இன்னும் ஏத்துவீங்களா?”

அவர் திகைத்துப் போனார். வாய் பழக்கத்தில் “உள்ள போ, உள்ள போ, எடம் இருக்குது” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். கூட்டத்தில் ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னாய்யா, பஸ்ஸே இல்லாம கூவற? பேஜாரு பண்ணிக்கினு.”

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் ஒரு பஸ் பயணியிடமும் பதில் இல்லாமல் நிற்காத மனிதர். அந்த முகத்தைப் பார்த்ததும் நான் வாயைத் திறந்துவிட்டேன்.

“பஸ்ஸு இல்லீங்க” என்றேன். “அடை.”

யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். “பஸ்ஸு உள்ள நிக்குதுங்க. இவரு கண்டக்டரா இருந்தவரு, மறந்துட்டாரு. நான் கேப்பை அடை வெச்சிருக்கேன். வெங்காயம் பூண்டு போடல. மல்லாட்டை போட்டிருக்கேன். சூடா இருக்குது.”

மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். கோபப்பட்ட பெரியவர்கூட, “சரி, கூவுனதுக்கு ஒன்னு குடு” என்று கையை நீட்டினார். நான் கூடையில் இருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தேன். மணிக்கட்டில் ரப்பர் பேண்டுகள் இருந்தன. இடையில் கம்பி இல்லை. கழற்றி வைத்துவிட்டு வரத் தோன்றவும் இல்லை.

கூடை காலியாகிற நேரத்தில் அந்த மஞ்சள் புடவைப் பெண் திரும்பி வந்தாள். தின்றுகொண்டே கேட்டாள். “நல்லா இருக்குதுங்க. திரும்பி வரும்போதும் வாங்கணும். கடை எங்க? போன்ல போட்டா வருமா?”

“வரும்” என்றேன். “ஆனா என் போன்ல போட்டாதான் மொதல்ல வரும். உங்க போன்ல எங்க இருக்கும்னு தெரியலீங்க.”

“அதென்ன கணக்கு? சரி, அப்ப வழிய வாயால சொல்லுங்க.”

சொன்னேன். எங்கே திரும்ப வேண்டும், எத்தனையாவது வீடு, ஜன்னல் எந்தப் பக்கம், எல்லாம். கையை நீட்டி எங்கள் சந்து இருக்கிற பக்கத்தையும் காட்டினேன்.

அவள் போனதும் அவர் கூடையை எடுத்துக்கொண்டார். “சவுண்டு பத்தல” என்றார். “அடுத்த அமாவாசைக்கு இன்னும் கொஞ்சம் ஏத்து.”